குரல் முந்திய மூன்று விநாடி



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, விடுதி மெஸ்ஸைப் பற்றியோ, காவிரிப் பாலத்தில் சைக்கிள் மிதித்த மாலைகளைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஒரு தப்பு செய்து மாட்டிக்கொண்டேன். அந்தத் தப்பின் காரணத்தைத் தேடப் போனால் அது 1909வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதில் நம் திருச்சிக்கும் ஒரு பங்கு இருப்பது தெரிந்தது. அதனால் மெஸ் சாம்பாரை அடுத்த மலருக்கு வைத்துக்கொள்கிறேன்.

முதலில் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பௌதிக சாரின் விடைபெறு உரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கம். கேலரி வகுப்பில் உட்கார இடமில்லாமல் படிக்கட்டிலும் ஜன்னலிலும் பையன்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் வீடியோ எடுத்தார். அதில் சாரின் முகம் நன்றாக விழுந்திருக்கிறது. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, மின்விசிறிச் சத்தத்தோடு. நான் மேஜைமேல் ஒரு டேப் ரிக்கார்டர் வைத்திருந்தேன். அதில் குரல் கணீரென்று இருக்கிறது. படம் இல்லை. இப்படி முகம் ஓரிடத்தில், குரல் ஓரிடத்தில் என்று முப்பது வருஷம் கிடந்தன. வீடியோ கேசட் என் அறைத்தோழனோடு அமெரிக்கா போய்விட்டது. ஆடியோ கேசட் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மர பீரோவில்.

சார் இப்போது இல்லை. இந்த ஒன்றுகூடலுக்கு அவர் மனைவி வருகிறார் என்று தெரிந்ததும், "ரெண்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டுவோம்டா" என்றான் நண்பன். அவன் வீடியோவை அங்கேயே கணினிக் கோப்பாக மாற்றினான். நான் என் கேசட்டைக் கணினியில் ஏற்றி, ஒலியைப் பதினான்கு துண்டாக வெட்டி அனுப்பினேன். அவன் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு துண்டும் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டு, வீடியோவோடு அனுப்பினான். மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் என்று நான்கு ஜோடி எண்கள். இதற்குத்தான் டைம்கோட் என்று பெயர். என் ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த எண்களை அப்படியே அடித்தேன். முதல் நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். பிரமாதம். உதடும் குரலும் ஒட்டிக்கொண்டன.

அந்தத் தைரியத்தில் மாமியை வீட்டுக்கு அழைத்துப் போட்டுக் காட்டினேன். ஐம்பத்திரண்டு நிமிட உரை. பத்து நிமிடம் ஆனதும் எனக்கே ஏதோ உறுத்தியது. மாமி கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் நன்னா இருக்குப்பா. ஆனா இவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பேசிடறாரே? அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லையே. யோசிச்சுண்டு நின்னுட்டுத்தானே பேசுவார்."

உரையின் முடிவில் குரல் படத்தைவிட மூன்று விநாடி முந்தி ஓடிக்கொண்டிருந்தது. சாரின் புகழ்பெற்ற மௌனங்கள் எல்லாம் தப்பான இடத்தில் விழுந்திருந்தன. திரையில் இருந்த எண்ணும் நண்பனின் பட்டியலில் இருந்த எண்ணும் ஒன்றேதான். எண் சரி, இடம் தப்பு. எப்படி?

திருச்சிக்கு வந்த பெட்டி

இந்தக் கேள்வி சினிமா அளவுக்குப் பழையது. 1896 ஜூலை 7ஆம் தேதி பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் சலனப்படங்கள் காட்டப்பட்டன. ஒன்பது வருஷம் கழித்து, 1905இல், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு புரொஜெக்டரோடும் சில படச்சுருள்களோடும் திருச்சிக்கு வந்தார். உடல்நிலை சரியில்லாமல் போய் ஊர் திரும்ப நினைத்தார். அப்போது திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கோயம்புத்தூர் இளைஞர் அந்தப் பெட்டியையும் படங்களையும் விலைக்கு வாங்கினார். ரயில்வே வேலையை விட்டார். கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். தென்னிந்தியாவின் ஊர்சுற்றும் சினிமா நம்ம ஊரில் புறப்பட்டது என்றால் மிகையில்லை. 1914இல் அவர் கோவையில் கட்டிய வெரைட்டி ஹாலின் பெயர் இன்றும் அங்கே ஒரு சாலைக்கு இருக்கிறது.

வின்சென்ட் காட்டிய படங்கள் ஊமைப் படங்கள். கூடாரத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். பெட்டியைக் கையால் சுற்றுவார்கள். விநாடிக்குப் பதினாறு ஃபிரேம் ஓடலாம், இருபதும் ஓடலாம். கை வலித்தால் கதாநாயகன் மெதுவாக நடப்பான், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் எல்லோருமே ஓடுவார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஏனென்றால் ஒப்பிட இன்னொரு கடிகாரம் இல்லை. கதை சொல்பவர் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் கண்ணே போதும்.

சிக்கல் 1909இல் வந்தது. சென்னையில் புகைப்பட நிபுணராக இருந்த ரகுபதி வெங்கையா, குரோனோமெகாஃபோன் என்ற கருவியை வரவழைத்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் காட்டினார். பிரான்சின் காமோன் நிறுவனம் உருவாக்கிய கருவி அது. ஒரு பக்கம் புரொஜெக்டர், இன்னொரு பக்கம் கிராமஃபோன் தட்டு. இரண்டும் ஒரே சமயத்தில் ஓட, திரையில் இருப்பவர் பாடுவது போலத் தோன்றும். 'பேர்ல் ஃபிஷ்', 'ராஜாஸ் காஸ்கெட்' போன்ற குறும்படங்களை அவர் அதில் காட்டினார். இலங்கை, பர்மாவரை அந்தக் கருவியோடு போய்வந்தார். முதல் தமிழ்ப் பேசும்படத்துக்கு இருபத்திரண்டு வருஷம் முன்பே நம் ஜனங்கள் படமும் ஒலியும் சேர்ந்து ஓடியதைப் பார்த்துவிட்டார்கள்!

யோசித்துப் பாருங்கள். தட்டு ஒரு வேகத்தில் சுழல்கிறது, படச்சுருள் வேறொரு வேகத்தில் ஓடுகிறது. இரண்டையும் மின்சாரத்தால் இணைத்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அதனால் நடத்துபவர் கையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு விசை இருந்தது. உதட்டைப் பார்த்துக்கொண்டே அவர் அதைத் திருப்ப வேண்டும். ஆரம்பத்தில் ஒன்றாகக் கிளம்பிய இரண்டு பேர் கடைசிவரை ஒன்றாக நடப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. நான் முதல் நிமிடத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியடைந்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்பது இப்போது புரிகிறது.

தட்டிலிருந்து சுருளுக்கு

அமெரிக்காவில் 1926, 27இல் வைட்டாஃபோன் முறை வந்தபோதும் இதே தட்டுதான். 1927 அக்டோபரில் வந்த 'ஜாஸ் ஸிங்கர்' அப்படித்தான் பாடியது. தட்டில் ஊசி வைக்கும் இடத்துக்கு ஓர் அம்புக்குறி, சுருளில் தொடக்க ஃபிரேமுக்கு ஒரு குறி. இரண்டையும் பொருத்தி மோட்டாரைப் போட்டால் சரியாக ஓடும், படம் நடுவில் அறுந்து போகாதவரை. அறுந்த இடத்தில் பத்து ஃபிரேமை வெட்டி ஒட்டினால், அந்த ரீல் முடிகிறவரை குரல் பின்தங்கியே வரும். அதைச் சரிசெய்ய, போன ஃபிரேம்களின் எண்ணிக்கைக்குக் கறுப்பு ஃபிரேம்களைச் சேர்த்து ஒட்டினார்கள். திரையில் அரை விநாடி இருட்டு வந்தாலும் பரவாயில்லை, கணக்கு தப்பக்கூடாது.

ஒலி வந்ததால்தான் படத்தின் வேகமும் விநாடிக்கு 24 ஃபிரேம் என்று நிலைப்பட்டது. கண் கொஞ்சம் வேகம் மாறினால் மன்னிக்கும். காது மன்னிக்காது, சுருதி மாறினால் உடனே கண்டுபிடித்துவிடும்.

பிறகு ஒலியைச் சுருளின் ஓரத்திலேயே ஒளிக்கோடாகப் பதிக்கும் முறை வந்தது. 1931 மார்ச் 14இல் வெளியான 'ஆலம் ஆரா', அதே வருஷம் அக்டோபர் 31இல் வந்த 'காளிதாஸ்' எல்லாம் அந்த யுகத்தின் தொடக்கம். 'காளிதாஸி'ல் நடித்த டி.பி.ராஜலக்ஷ்மியைக் கதாநாயகியாக வைத்து, நம் வின்சென்ட் 1933இல் 'வள்ளி திருமணம்' தயாரித்தார். திருச்சியில் ஊமைப் பெட்டியை வாங்கியவர் பேசும்படம்வரை வந்து சேர்ந்துவிட்டார்.

ஒரே சுருளில் இரண்டும் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். இங்கேயும் ஒரு வேடிக்கை உண்டு. புரொஜெக்டரில் படம் விநாடிக்கு 24 முறை நின்று நின்று நகர வேண்டும். ஒலிக்கோடு நிற்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் நடக்காது. அதனால் ஒலியைப் படிக்கும் தலை, பட ஜன்னலிலிருந்து தள்ளி வைக்கப்பட்டது. 35 மில்லிமீட்டர் படத்தில் ஓர் உதட்டசைவுக்குரிய ஒலி, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இருக்காது. 21 ஃபிரேம் முன்னால் இருக்கும், அதாவது ஏறக்குறைய முக்கால் விநாடிக்கும் மேல். சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் தப்பாகத்தான் தெரியும். ஓட்டினால் சரியாக இருக்கும். இந்தக் கணக்கு தெரியாதவன் 'திருத்த'ப் போனால் கெடுத்துவிடுவான்.

அந்த நாட்களில் நடிகர்கள் காமிராவுக்கு முன்னாலேயே பாடினார்கள். திருச்சியைத் தன் ஊராக்கிக்கொண்ட எம்.கே.தியாகராஜ பாகவதர் 'பவளக்கொடி' (1934) மூலம் திரைக்கு வந்த காலம் அது. வாயும் குரலும் ஒரே ஆளுடையவை, ஒரே நேரத்தில் பதிவானவை. பிறகு 1938இல் ஏ.வி.மெய்யப்பன் 'நந்தகுமார்' படத்தில் ஒரு நடிகைக்கு லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாட வைத்துப் பின்னணிப் பாடலை அறிமுகம் செய்தார். 1944இல் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழில் டப் செய்து வெளியிட்டார். அதிலிருந்து தமிழ் சினிமாவில் வாய் ஒருவருக்கும் குரல் வேறொருவருக்கும் சொந்தம். இரண்டையும் சேர்த்து வைப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

கிளாப் அடிக்கும் பையன்

படமும் ஒலியும் தனித்தனிக் கருவியில் பதிவானால் இரண்டுக்கும் பொதுவான ஓர் அடையாளம் வேண்டும். அதற்குத்தான் கிளாப் போர்டு. பலகை மூடும் ஃபிரேம் கண்ணுக்குத் தெரியும், 'டக்' என்ற ஒலி காதுக்குக் கேட்கும். இரண்டையும் எடிட்டிங் மேஜையில் ஒன்றாக வைத்தால் வேலை முடிந்தது. எந்த எண்ணும் தேவையில்லை. நடந்த ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு சாட்சி.

ஆனால் கிளாப் தொடக்கத்தை மட்டும்தான் கட்டிப்போடும். போகப்போக இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டுமே? டேப் வழுக்கும், நீளும். 1950களில் குடெல்ஸ்கியின் நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியில் இதற்கு வழி செய்தார்கள். காமிராவின் ஓட்டத்தோடு சேர்ந்து துடிக்கும் ஒரு சைகையையும் டேப்பிலேயே பதித்தார்கள். பின்னால் அந்தத் துடிப்பைப் பார்த்து வேகத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

வீடியோ டேப்பில் படத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாது. சுருளைப் போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஃபிரேமை எண்ண வழியில்லை. அதனால் 1960களின் கடைசியில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஓர் எண் கொடுத்து அதையும் டேப்பில் எழுதினார்கள். அதுதான் டைம்கோட். ஒலித்தடத்தில் எழுதும் வகையில் ஃபிரேமுக்கு 80 பிட். கேட்டால் கரகரவென்று வண்டு போலச் சத்தம் போடும்.

இங்கேதான் என் தப்பின் வேர் இருக்கிறது. டைம்கோட் நேரம் போலத் தோற்றமளிக்கும் ஒரு வரிசை எண். விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்று தெரிந்தால்தான் அது நேரமாகும்.

ஒரே வானம், இரண்டு பஞ்சாங்கம்

சினிமாவுக்கு 24. இந்தியத் தொலைக்காட்சியின் பால் முறைக்கு 25. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியதிலிருந்து நாம் பார்த்தது இந்த 25தான். 24 ஃபிரேம் சினிமாவை 25 ஃபிரேம் தொலைக்காட்சியில் காட்ட, நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓட்டிவிடுவது வழக்கம். 160 நிமிடப் படம் ஆறரை நிமிடம் முன்பாகவே முடிந்துவிடும். சுருதியைச் சரிசெய்யாவிட்டால் அரைச் சுரத்தில் முக்கால் பங்குக்குக் கிட்ட உயரும். தொலைக்காட்சியில் பழைய பாட்டோடு சேர்ந்து ஆர்மோனியம் வாசிக்கப் பார்த்து, எந்தக் கட்டையிலும் ஒட்டவில்லையே என்று திகைத்த ரசிகர்கள் உண்டு. குற்றம் ஆர்மோனியத்தில் இல்லை.

அமெரிக்காவில் முதலில் 30 இருந்தது. 1953இல் கறுப்பு வெள்ளைக்குப் பதில் வண்ணம் வந்தபோது, வண்ணச் சைகையும் ஒலிச் சைகையும் உரசிப் படத்தில் கோடு விழாமல் இருக்க, வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அது 29.97 ஆயிற்று. ஆனால் எண்ணிக்கையை விநாடிக்கு 30 என்றே வைத்துக்கொண்டார்கள். விளைவு, டைம்கோட் சரியாக ஒரு மணி என்று காட்டும்போது சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணியும் 3.6 விநாடியும் ஆகியிருக்கும்.

இதைச் சமாளிக்க 'டிராப் ஃபிரேம்' என்று ஒரு கணக்கு. ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டிவிடுவார்கள். பத்தாவது, இருபதாவது நிமிடங்களில் மட்டும் தாண்டமாட்டார்கள். மணிக்கு 108 எண் குறையும், 3.6 விநாடி சரியாகிவிடும். படம் ஒன்றும் தொலைவதில்லை. எண் மட்டும்தான் தாண்டப்படுகிறது. பஞ்சாங்கத்தில் சில நாட்களில் ஒரு திதி சூரிய உதயத்தையே பார்க்காமல் போய்விடும், நாள் ஒன்றும் காணாமல் போவதில்லை. அந்த மாதிரி. டிராப் செய்யாத கணக்கும் இருக்கிறது. ஒரே டேப்புக்கு இரண்டு எண். வாக்கியம் ஒன்று சொல்ல, திருக்கணிதம் ஒன்று சொல்வது போல. வானம் ஒன்றுதான்.

இது நமக்குப் புதிதில்லை. ஒரு காலத்தில் நாட்டின் ரயில்களே மதராஸ் வானாய்வக நேரத்தில் ஓடின. 1906 ஜனவரி 1இல் இந்தியப் பொதுநேரம் வந்தபோது மதராஸ் கடிகாரங்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னே தள்ளிவைக்கப்பட்டன. இன்றும் நம் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது மலைக்கோட்டைக்கு மேலே சூரியன் உச்சிக்கு வர, சராசரியாகப் பார்த்தால் இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது. கடிகாரம் பொய் சொல்லவில்லை. அது அலகாபாத்துக்குப் பக்கத்துத் தீர்க்கரேகையின் மணியைச் சொல்கிறது. எந்த ஊர்க் கணக்கு என்று தெரிந்துகொண்டால் குழப்பமில்லை.

பட்டியலில் இருந்த 27

இப்போது என் கதைக்கு வருகிறேன். நண்பன் வீடியோவை அமெரிக்க முறையில் மாற்றியிருந்தான். அவனுடைய பட்டியல் 29.97, டிராப் செய்யாத கணக்கு. என் மென்பொருள் 25இல் இருந்தது. அவன் '52 நிமிடம்' என்று எழுதினால், சுவர்க் கடிகாரத்தில் அது 52 நிமிடம் 3.12 விநாடி. நான் குரலைச் சரியாக 52 நிமிடத்தில் வைத்துவிட்டேன். குரல் 3.12 விநாடி முந்திவிட்டது. முதல் நிமிடத்தில் இந்த வித்தியாசம் 0.06 விநாடிதான், அதனால் கண்ணுக்குப் படவில்லை. பத்தாவது நிமிடத்தில் 0.6. அங்கேதான் எனக்கு உறுத்தியது.

வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. பட்டியலில் கடைசி ஜோடி எண் சில இடங்களில் 27, 29 என்று இருந்தது. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 00 முதல் 24 வரைதான் எண் இருக்க முடியும். 27 எங்கிருந்து வரும்? மென்பொருள் ஒன்றும் கேட்காமல் அதை அடுத்த விநாடியின் இரண்டாவது ஃபிரேமுக்குத் தள்ளிவிட்டது. நானும் ஒன்றும் கேட்கவில்லை. அறுபத்தைந்து நிமிடம் காட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போனவன் மாதிரி!

காட்டும் எண்ணில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கணினி ஒலியை ஃபிரேமாக எண்ணுவதில்லை, மாதிரிகளாக எண்ணுகிறது. விநாடிக்கு 48,000 மாதிரி என்றால், 24 ஃபிரேம் கணக்கில் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 2,000. 25இல் 1,920. ஆனால் 29.97இல் 1,601.6. முழு எண்ணாக வராது. அப்போது திரையில் காட்டும் ஃபிரேம் எண், உண்மையான இடத்தை அருகிலுள்ள எண்ணுக்கு ஒதுக்கியோ, கீழே வெட்டியோ காட்டியதாகத்தான் இருக்கும். 25 கணக்கிலும் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிவிநாடி அகலம். அதற்குள் ஒலி எங்கே நிற்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. கணினியின் கடிகாரமும் கொஞ்சம் விலகும். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு விலகினால் மணிக்கு 0.18 விநாடி.

இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா என்று கேட்கலாம். சாரே வகுப்பில் சொன்ன உதாரணம் இதற்குப் பதில். காவிரியில் அக்கரையில் ஒருவர் துணி துவைக்கிறார். துணி கல்லில் விழுவது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். தூரத்துச் சத்தம் தாமதமாக வருவதை நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம், மனசு பழகிவிட்டது. சத்தம் முன்னே வந்து காட்சி பின்னே வருவது இயற்கையில் எங்கும் கிடையாது. தொலைக்காட்சிக்கான சர்வதேசப் பரிந்துரையிலும் இந்தப் பாகுபாடு இருக்கிறது. ஒலி பின்தங்கினால் ஏறக்குறைய 125 மில்லிவிநாடிவரை பார்ப்பவருக்குத் தெரியாது. முந்தினால் 45 மில்லிவிநாடியிலேயே தெரிந்துவிடும். அதாவது ஒரு ஃபிரேமுக்குச் சற்று மேல். என் தப்பு முந்துகிற பக்கம் விழுந்தது. மாமிக்கு எந்தக் கணக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்த தட்டு

1909இல் தொடங்கிய கதையின் ஒரு சுற்று 1990களில் முடிந்தது. 1993இல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு வந்த டி.டி.எஸ். முறையில் ஒலி மறுபடியும் தட்டுக்குப் போனது. இந்த முறை குறுந்தட்டு. படச்சுருளின் ஓரத்தில் டைம்கோட் மட்டும் அச்சிட்டிருந்தார்கள். கருவி அந்தக் கோட்டைப் படித்து, தட்டில் அதற்குரிய ஒலியை எடுத்துக் கொடுத்தது. படம் அறுந்து பத்து ஃபிரேம் போனால், எண் தாவும். தட்டும் கூடவே தாவும். கறுப்பு ஃபிரேம் ஒட்ட வேண்டியதில்லை. தமிழில் 1996இல் 'கருப்பு ரோஜா' இந்த முறையில் வந்தது. வெங்கையாவின் கருவியில் இல்லாமல் போனது இந்த ஓர் எண்தான். ஆகையால் எண்ணைக் குறை சொல்ல நான் வரவில்லை. சுருளில் எழுதியவரும் தட்டில் தேடுபவரும் ஒரே கணக்கில் இருந்ததால் அது வேலை செய்தது. நானும் நண்பனும் அப்படி இல்லை.

மாமி வீட்டுக்குப் போன பிறகு அன்றிரவே நண்பனைக் கூப்பிட்டேன். "என்ன கணக்குலடா போட்டே?" என்றேன். "இங்க எல்லாமே அந்தக் கணக்குதானேடா, அதைப் போய் எழுதணுமா?" என்றான். நான் மட்டும் என்ன, நம் ஊர்க் கணக்கைச் சொல்லவே இல்லையே. பட்டியலின் தலைப்பில் 'விநாடிக்கு இத்தனை ஃபிரேம், டிராப் உண்டு அல்லது இல்லை' என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே பிறந்திருக்காது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் இதைவிட நல்ல கருவிகள் கைபேசியிலேயே இருக்கின்றன. வெவ்வேறு கைபேசியில் எடுத்ததைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், எடுக்கத் தொடங்கும்போது ஒரு கைதட்டல், முடிக்கும்போது ஒரு கைதட்டல். இரண்டு முனையும் ஒட்டினால்தான் நடுவில் ஒட்டும். எண்ணை அனுப்பும்போது அது எந்தக் கணக்கு என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். திரையில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து மட்டும் நம்பாதீர்கள். உதட்டைப் பாருங்கள்.

மறுநாள் மென்பொருளை 29.97க்கு மாற்றி, பதினான்கு துண்டுகளையும் மறுபடி வைத்தேன். சரிபார்க்க ஓர் அடையாளம் தேடினேன். சாரே கொடுத்திருந்தார். உரை தொடங்கும்போது டஸ்டரால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முடிக்கும்போதும் அதே டஸ்டரைப் 'பொத்'தென்று வைத்துவிட்டு, கையைத் தட்டிச் சாக்பீஸ் பொடியை உதறுகிறார். முதல் தட்டு ஒட்டியது. ஐம்பத்திரண்டு நிமிடம் கழித்துக் கடைசித் தட்டும் ஒட்டியது. அவருக்குத் தெரியாமலே இரண்டு முனையிலும் கிளாப் அடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

இன்று மாலை கேலரி வகுப்பில் அதைப் போடுகிறோம். பின்வரிசையில் உட்காருபவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. ஸ்பீக்கர் முன்னால் இருக்கிறது. பதினான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் குரல் ஒரு ஃபிரேம் தாமதமாகத்தான் வரும். அது என் தப்பில்லை, பௌதிகம். மாமி முதல் வரிசையில் இருப்பார். நாற்பதாவது நிமிடத்தில் சார் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் நம் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த மௌனம் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது. தயவுசெய்து அப்போது யாரும் பேசாதீர்கள்.